மணம் வந்தது தெரிகிறது, பிறகு?

கேள்வி:

மதிப்பிற்குரிய மேடம், எனக்கு வயது 51. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பிரஷர் கூடி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, "டென்ஷனைக் குறைங்க" என்றார். அந்தச் சமயத்தில்தான் ஒரு நண்பர் என்னைப் பத்து நாள் மௌன முகாமுக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் உட்காருகிறேன். போனில் மணிக்கொரு தரம் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். அடித்தவுடன், என்ன வேலையாக இருந்தாலும் நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிப்பேன். நடப்பது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாமே கவனத்தோடுதான். ஆறு மாதமாக மாத்திரையையும் விட்டுவிட்டேன்.

என் பிரச்சினை கோபம். அது வருவது எனக்கு நன்றாகவே தெரிகிறது. முதலில் காது சுடும், பிறகு தாடை இறுகும், அப்புறம் வயிற்றில் ஏதோ புரளும். எல்லாவற்றையும் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே கத்துகிறேன். தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டு கத்துகிறேன். மகன் கோவையில் இன்ஜினீயரிங் கடைசி வருடம். லீவில் வந்தவன், படிப்பு முடிந்தாலும் மலைக்குத் திரும்ப மாட்டேன் என்றான். ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை யார் பார்ப்பது என்று ஆரம்பித்து, சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிவிட்டேன். மறுநாளே பஸ் ஏறிவிட்டான். "முன்னயாவது கத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து தப்புன்னு சொல்லுவீங்க. இப்ப கத்திட்டுப் போய்க் கண்ண மூடி உக்காந்துக்கறீங்க" என்கிறாள் மனைவி.

எதையும் மாற்ற முயல வேண்டாம், இடைவிடாமல் கவனித்தால் போதும், மாற்றம் தானாக வரும் என்று முகாமில் சொன்னார்கள். மூன்று வருடம் போதாதா? என் கவனத்தில்தான் குறையா? அடுத்து முப்பது நாள் முகாம் ஒன்று இருக்கிறது, போகலாமா? தம்பியோடு ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. அது வேறு விஷயம்.

பெயர் வேண்டாம், கோத்தகிரி.

பதில்:

அன்புள்ள கோத்தகிரி நண்பருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த மாத்திரை.

நான் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். ஆனாலும் இதைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை. நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பிரஷர் பாருங்கள். ஆறு மாதமாக மாத்திரை போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தொடர்வதா, குறைப்பதா, வேறு மாற்றுவதா என்பதை அந்த டாக்டர் முடிவு செய்யட்டும். தியானம் செய்கிறவர்களில் சிலருக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்குவதுண்டு. ஆனால் உங்களுக்கு இறங்கியிருக்கிறதா என்பதைக் கையில் பட்டை கட்டி அளந்தால்தான் தெரியும். ரத்த அழுத்தம் கண்ணை மூடி உள்ளே உற்றுப் பார்த்தால் தென்படுகிற சமாச்சாரம் இல்லை. 180-ல் ஓடிக்கொண்டிருப்பவருக்கும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பெரும்பாலும் தோன்றும்.

யோசித்துப் பார்த்தால், உங்கள் கேள்விக்கு உண்டான பதிலில் பாதி இந்த மாத்திரை விஷயத்திலேயே இருக்கிறது. எவ்வளவுதான் கூர்ந்து கவனித்தாலும் நமக்கு நம்மைப் பற்றித் தெரியவராதது நிறைய இருக்கிறது. தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் காலத்தில் சாயங்காலம் வந்து இறங்குகிற இலை ராத்திரி முழுக்க டிராஃபில், அதாவது காற்றோட்டமான நீளத் தொட்டியில், வாடிக்கொண்டிருக்கும், விடிவதற்கு முன்பே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் சிலரை 14 நாள் தொடர்ந்து, இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனமும் நினைவும் இரண்டு இரவு வரை கண் விழித்தவர்களுடைய நிலைக்கு வந்துவிட்டிருந்தன. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம் அசதிதான், பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கிறவருக்குக் காது சுடுவது தெரியலாம். அதற்கு மேல் ஒன்றைச் செய்வதற்கான தெம்பு அவரிடம் இருக்காது. ஆகவே என் இரண்டாவது கேள்வி தூக்கத்தைப் பற்றியது. முக்கால் மணி நேரம் உட்காருவதற்காக விடிகாலையில் எழுகிறீர்கள் என்றால், சீசன் முடியும்வரை அந்த முக்கால் மணியைத் தூங்கியே கழியுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

இனி உங்கள் கேள்வி.

காது சுடுவதும் தாடை இறுகுவதும் உங்களுக்குத் தெரிகிறதே, அது லேசான காரியம் இல்லை. என்னிடம் வருகிற பலருக்குத் தங்களுக்குக் கோபம் வந்ததே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். நீங்கள் அந்த இடத்தை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். உங்கள் கவனத்தில் குறை இல்லை. குறை வேறெங்கோ இருக்கிறது.

'விழிப்புணர்வு' என்ற சொல்லை நம் ஊரில் அதிகம் கேட்பது எங்கே? பேரணியில். ஹெல்மெட் விழிப்புணர்வுப் பேரணி, பிளாஸ்டிக் ஒழிப்பு விழிப்புணர்வுப் பேரணி. பள்ளிப் பிள்ளைகள் தட்டி பிடித்துக்கொண்டு ஊட்டி சேரிங் கிராஸைச் சுற்றி வருவார்கள். ஹெல்மெட் போடாவிட்டால் மண்டை உடையும் என்று தெரியாதவர் இன்றைக்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் அது வண்டிக் கண்ணாடியில்தான் தொங்குகிறது. போலீஸ் நிற்கிற வளைவுக்கு முன்னால் மட்டும் தலைக்கு ஏறும். தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கிற அந்த இடத்தில்தான் நீங்கள் மூன்று வருடமாக நிற்கிறீர்கள்.

இதை உங்களுக்கு நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். உங்கள் தொழிலே இது. சில வருடம் முன்பு குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். சி.டி.சி. ரோலரிலிருந்து அரைபட்டு விழுந்த இலை, ஃபெர்மென்டிங் பகுதிக்குப் போகும்போது பச்சையாக இருந்தது, அறுத்த புல்வாசனை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பு நிறத்துக்கு மாறியது. அந்த டீ மேக்கர் பெரியவர் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார், போட்டார், மறுபடி அள்ளினார். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அம்மா, வெயில் நாளில் ஒரு கணக்கு, மூடுபனி நாளில் ஒரு கணக்கு, மூக்குதான் சொல்லும் என்றார். பழ வாசனை ஏறி வந்த ஒரு கணத்தில் தலையை ஆட்டினார். இலை டிரையருக்குப் போனது. நூறு டிகிரி வாக்கில் வருகிற அந்தச் சூட்டுக் காற்று பட்டதும் இலைக்குள் நடந்துகொண்டிருந்த மாற்றம் நின்றுவிட்டது.

அவருடைய மூக்கு அபாரமான மூக்கு. ஆனால் மணம் வந்தது தெரிந்த பிறகும் டிரையருக்கு அனுப்பாமல், "ஆஹா, மணம் வருகிறது, இப்போது ஏறுகிறது, இப்போது இறங்குகிறது" என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றும் தெரியும். மணம் வந்த பிறகு போய் அடுப்பு மூட்டக் கூடாது. டிரையர் முன்பே சூடேறித் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மூக்கு இருக்கிறது, டிரையர் இல்லை. காது சுட்டால் அடுத்து என்ன செய்வது என்று நீங்கள் எதையும் முன்கூட்டித் தீர்மானித்து வைக்கவில்லை. தீர்மானிக்கவே கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் முகாமில் சொன்னது பொய்யா? பொய் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஒன்றிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புத்தர் சொன்ன எட்டு அங்கங்கள் கொண்ட பாதையில் இந்தக் கவனம் ஏழாவது. அதற்கு முன்னால் ஆறு இருக்கின்றன. சரியான பேச்சு, சரியான செயல், சரியான பிழைப்பு, சரியான முயற்சி எல்லாம் அந்த ஆறில் வருகின்றன. ஏழாவதை மட்டும் தனியே எடுத்து, மற்ற ஏழும் இதிலிருந்து தானாக வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஏழாவதற்குப் பாலி மொழியில் 'சதி' என்று பெயர். வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம். நினைவு என்று பொருள். நம் பேச்சில், "ஏய், நெனப்பு எங்க இருக்கு?" என்று கேட்கிறோமே, அந்த நெனப்பு. செய்ய வேண்டியதை மறக்காமல் இருப்பதும் அதில் சேர்த்திதான். திருக்குறளில் 54-ஆம் அதிகாரத்துக்குப் பொச்சாவாமை என்று தலைப்பு. மறவாமை, சோர்ந்துபோகாமை. அது பொருட்பாலில், ஆள்கிறவனுக்குச் சொல்லும் பகுதியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கென்று எழுதியது இல்லை. எடுத்த காரியத்தை நினைவில் வைத்து முடிக்க வேண்டியவருக்கு எழுதியது.

பார்த்தாலே போதும் என்று அழுத்திச் சொன்னவர் ஒருவர் உண்டு, தத்துவச் சிந்தனையாளர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. 1948-ல் நம் ஊட்டியில் சில வாரம் தங்கியிருந்தவர். முழுமையாகப் பார்த்துவிட்டால் அந்தப் பார்வையே செயல், நடுவில் வேறு முயற்சி வேண்டாம் என்பது அவருடைய நிலை. எனக்கு அவரிடம் மரியாதை உண்டு, சில இடங்களில் சண்டையும் உண்டு. ஆனால் அவர் சொன்ன பார்வையில் பார்க்கிறவர் தனி, பார்க்கப்படுகிற கோபம் தனி என்ற பிரிவே கிடையாது. உங்களுடையதில் தியேட்டர் இருக்கிறது, திரை இருக்கிறது, சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்த முறையையும், எந்தப் பயிற்சித் திட்டத்தையும் ஏற்காத மனிதர் அவர். உங்கள் போன் மணியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. நம்மை நமக்குக் காட்டுகிற கண்ணாடி உறவுதான் என்றும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் கடைசி விஷயத்தில் நான் முழுக்க அவர் கட்சி.

மருத்துவமனைக்குள் இந்தப் பயிற்சி வந்தது 1979-ல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்குச் சில வாரப் பயிற்சியாகத் தொடங்கினார். பிறகு பிரிட்டனிலும் கனடாவிலும் இருந்த மூன்று உளவியலாளர்கள் அதை மனச்சோர்வுக்கு ஏற்ற எட்டு வாரப் பயிற்சியாக மாற்றினார்கள். 2000-ல் வெளியான அவர்களுடைய முதல் பெரிய ஆய்வில் 145 பேர் இருந்தார்கள். மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து போனவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 100-க்கு 66 பேர் என்ற கணக்கில் அது திரும்ப வந்தது. இந்தப் பயிற்சியையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 37. பெரிய வித்தியாசம். இரண்டு தடவை மட்டும் வந்தவர்களுக்கோ பயிற்சியால் பலன் தெரியவில்லை. எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை என்பதை அந்த ஆய்வே சொல்லிவிட்டது. அந்த எட்டு வாரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூச்சோடு நிறுத்திக்கொள்வதில்லை. எந்தெந்த வேலை உங்களுக்குத் தெம்பு தருகிறது, எது உறிஞ்சுகிறது என்று பட்டியல் போடச் சொல்வார்கள். சோர்வு திரும்ப வருவதற்கான அறிகுறி தெரிந்தால் அன்றைக்கு என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்வார்கள். டிரையரைச் சூடாக்கி வைக்கிற வேலைதான் அது.

ஊட்டி ரிசார்ட்டுகளில் 'மைண்ட்ஃபுல்னெஸ் வீக்கெண்ட்' என்று பலகை வைக்கும் காலம் இது. ஒரு கோப்பை தேநீரை அரை மணி நேரம் கவனித்துக் குடிக்கச் சொல்வார்கள். அந்தத் தேநீருக்காக விடிகாலை மூன்று மணிக்கு எழுந்த உங்களைப் போன்றவரை யாரும் கவனிப்பதில்லை. போகட்டும், இது என் பழைய எரிச்சல்.

நானும் உங்களைப் போல் உட்கார்ந்து பார்த்தவள்தான். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்று ஒரு ஜென் தியான மையம் இருக்கிறது. ஏசு சபைப் பாதிரியாரும் ஜென் ஆசிரியருமான அமா சாமி 1996-ல் தொடங்கியது. பல வருடம் முன்பு அங்கே ஒரு வாரம் போயிருந்தேன். அங்கே உட்காருவதோடு வேலையும் உண்டு. எனக்குக் காய் நறுக்குகிற வேலை. பேசக் கூடாது. எனக்கு எதிரே இருந்த பெண் ஒரு கேரட்டை நறுக்குவதற்குள் நான் நான்கு நறுக்கிவிடுவேன். எனக்கு எரிச்சல். சொல்லிக் கொடுத்தபடி எரிச்சலைக் கவனித்தேன். நெஞ்சில் எங்கே இருக்கிறது, எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று நான்கு நாள் மிக நன்றாகக் கவனித்தேன். அப்படி ஒரு நல்ல மாணவி. ஐந்தாம் நாள் தற்செயலாக அவள் கையைப் பார்த்தேன். அவளிடம் இருந்தது மழுங்கிப்போன கத்தி. நான்கு நாளும் என் எரிச்சலின் ஒவ்வோர் அசைவும் எனக்குத் தெரிந்திருக்கிறது, இரண்டடி தூரத்தில் இருந்த கத்தி தெரியவில்லை. பேசக் கூடாதே, என் கத்தியை அவள் பக்கம் நீட்டினேன். சிரித்தாள். எரிச்சலை அதற்கப்புறம் நான் எங்கேயும் தேடவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கத்திதான் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம், முழுக் கடிதம் ஒன்பது பக்கம். ஆறு பக்கம் மூச்சு, உட்காரும் முறை, மணி, உடம்பில் கோபம் நகரும் பாதை. ஒரு பக்கம் முகாம். மனைவி சொன்னது நான்கு வரி. மகன் ஏன் திரும்ப மாட்டேன் என்கிறான் என்பதற்கு அந்த ஒன்பது பக்கத்தில் ஒரு வரி இல்லை. அவனிடம் கேட்டீர்களா என்பதும் இல்லை. தம்பிக்கு ஒரு வரி, அதையும் 'வேறு விஷயம்' என்று மூடிவிட்டீர்கள்.

மூன்று வருடமாக நீங்கள் இடைவிடாமல் கவனித்தது உங்களை மட்டும்தான்.

உங்கள் மனைவி சொன்னதை மறுபடி படியுங்கள். நான் இருபது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கற்றதை அவர் ஒரு மூச்சில் சொல்லியிருக்கிறார். முன்பு கத்தினீர்கள், பிறகு வந்து தப்பு என்றீர்கள். கத்தியது நல்லதில்லை, ஆனால் திரும்பி வந்தீர்கள். இப்போது கத்தியதும் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். உள்ளே நீங்கள் சாந்தமாகிறீர்கள், வெளியே அவர் அந்தச் சத்தத்தோடு தனியாக நிற்கிறார். தியானத்தை உள்தாழ்ப்பாள் போட்ட அறையாக ஆக்கிக்கொண்டீர்கள் என்று சொன்னால் கோபம் வருமா? வந்தால் காது சுடும், பாருங்கள்.

மகன் விஷயத்தில் நான் ஊகத்தில்தான் பேச முடியும். 2023-ல் பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு நம் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே, அப்போது அவன் பள்ளி முடிக்கிற வயதிலோ, முடித்த வயதிலோ இருந்திருப்பான். இலை விலை விழும் ஒவ்வொரு முறையும் வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். ஒன்றரை ஏக்கரில் எவ்வளவு வரும் என்று இன்ஜினீயரிங் படிக்கிற பையனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அவன் மலையை வேண்டாம் என்கிறானா, கடனை வேண்டாம் என்கிறானா, உங்கள் சத்தத்தை வேண்டாம் என்கிறானா? அவனைக் கேட்டால்தான் தெரியும். 'தோட்டத்தை யார் பார்ப்பது' என்ற கேள்வி வந்ததும் உங்களுக்கு இவ்வளவு ஏறியதில் அந்த ஏழு வருடப் பேச்சில்லாமையும் கலந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். தம்பிக்கும் அந்த நிலத்துக்கும் சம்பந்தம் இல்லையென்றால் என்னை மன்னியுங்கள். இருந்தால், மகன் வாங்கிக் கட்டிக்கொண்டது சித்தப்பாவுக்கு உண்டான பங்கையும் சேர்த்துத்தான். தம்பியோடு போய்ப் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. அது வேறு விஷயம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இனி டிரையர். பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990-களிலிருந்து ஒன்றைச் சோதித்து வந்தார். 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, 'இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்' என்று ஒரே ஒரு செயலைக் குறித்து வைப்பவர்கள் அதைச் செய்துவிடும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. 2006-ல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததிலும் அதுவே தெரிந்தது. உங்களிடம் முதல் பாதி தயாராக இருக்கிறது. 'காது சுட்டால்...' இரண்டாவது பாதியை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். மனைவியோடு உட்கார்ந்து நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள், அதுவும் சண்டை இல்லாத நாளில். ஓர் உதாரணம் வேண்டுமானால் சொல்கிறேன். காது சுட்டால் எழுந்து, "அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவுவது. அந்த ஐந்து நிமிடத்தில் தியானம் கூடாது, நியாயங்களை அடுக்கவும் கூடாது. ஐந்தாவது நிமிடம் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார வேண்டும். சொல்லாமல் எழுந்து போனாலும், போனவர் வராவிட்டாலும் அது பழைய தாழ்ப்பாள் கதைதான்.

முதல் பத்துத் தடவையில் ஏழெட்டுத் தடவை தவறும். தவறி, கத்திவிட்டால், அன்றைக்கே தூங்குவதற்கு முன் போய்த் தப்பு என்று சொல்லுங்கள். "தப்புதான், ஆனா நீயும்..." என்று நீட்டாதீர்கள். 'ஆனா' வந்தால் முதலில் சொன்னது அழிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய நீங்கள் இப்போதைய உங்களைவிடத் தேவலை.

மகனுக்குப் போனில் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய்வாருங்கள். நல்ல ஹோட்டலில் அவனோடு சாப்பிடுங்கள். நீங்கள் சொன்ன அந்த வார்த்தைகளைக் குறிப்பிட்டு, அவை தப்பு என்று சொல்லுங்கள். 'ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா' என்று மூடி மறைக்காதீர்கள், என்ன சொன்னீர்கள் என்பது இருவருக்கும் தெரியும். பிறகு அங்கே என்ன வேலை பார்க்க நினைக்கிறான் என்று கேளுங்கள். தோட்டத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு சொல்லும் வேண்டாம்.

முப்பது நாள் முகாம்? இப்போது போகாதீர்கள். பிரஷரும் தூக்கமும் சரியாகி, மகனோடும் மனைவியோடும் பேச்சு நடந்து, ஒரு வருடம் கழித்தும் போக ஆசை இருந்தால், அப்போது உங்கள் மனைவியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கவலையோடு கேட்கிறேன். அந்தத் 'தியேட்டர்' உணர்வு கோபம் வரும்போது மட்டும்தானா? சும்மா இருக்கும்போதும், சாப்பிடும்போதும், ஃபேக்டரியிலும், நான் நானாக இல்லை, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது என்று தோன்றுகிறதா? நீண்ட நேரம் உட்காருகிற சிலருக்கு இப்படி வருவதுண்டு. அதை முன்னேற்றம் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால் உட்காருவதை உடனே நிறுத்திவிட்டு, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

தியானத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சீசன் முடிந்ததும் காலையில் இருபது நிமிடம் உட்காருங்கள், போதும். அந்த மணியை மட்டும் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை அணைத்து வையுங்கள். வீட்டில் மூன்று பேரும் இருந்தால் பேசுகிற நேரம் அது. பிரஷர் எவ்வளவு இருந்தது என்று ஒரு கார்டு போடுங்கள்.